மூளை விஞ்ஞானமும் யுத்த தர்மமும்



மூளை விஞ்ஞானத்தை யுத்தத்திற்குப் பயன்படுத்துவது பற்றி ஆராய மலேசியாவின் சிலிம் ரிவரைக் காட்டிலும் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் துணிபு. 1942ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் தேதி விடியுமுன், துரோலாக்கிலிருந்து இவ்வூர்ப் பாலம் வரை ரப்பர்த் தோட்டங்களை ஊடறுத்துச் செல்லும் பெருஞ்சாலையில் சுமார் 30 ஜப்பானிய டாங்கிகள் பாய்ந்து வந்தபோது, எதிர்நின்ற பிரிட்டிஷ் சேனையின் 11ஆவது இந்திய டிவிஷன் சில மணி நேரத்தில் சிதறுண்டது. ஆயுதக் குறைவு அதற்கு ஒரு காரணமே. ஆயினும் ஜித்ரா முதல் கம்பார் வரை ஏறக்குறைய மூன்று வார காலம் போரிட்டுக்கொண்டே பின்வாங்கி, பகலில் விமானங்களுக்கு அஞ்சி மரங்களின்கீழ் ஒடுங்கியும், இரவில் குழி தோண்டியும், நித்திரையை அறவே இழந்திருந்த சிப்பாய்களின் சோர்வு அதனினும் சிறிய காரணமன்று.

இந்தச் சோர்வை மருந்தினால் வெல்லலாம் என்ற ஆசை அந்த யுத்தத்திலேயே தலையெடுத்துவிட்டது. ஜெர்மானியர் பெர்விட்டின் மாத்திரையையும், ஆங்கிலேயர் பென்சட்ரினையும், ஜப்பானியர் பிலோப்பானையும் தம் வீரர்களுக்குக் கொடுத்தனர். யுத்தம் முடிந்தபின் ஜப்பானில் எஞ்சிய பிலோப்பான் கடைவீதிக்கு வந்து, எண்ணற்ற குடும்பங்களைப் போதையில் ஆழ்த்த, அதைத் தடுக்க அந்நாட்டு அரசாங்கம் 1951இல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது.

இன்று அந்த ஆசை மாத்திரையைக் கடந்துவிட்டது. அமெரிக்கப் பாதுகாப்பு இலாகாவின் ஆராய்ச்சி நிறுவனமாகிய டார்ப்பா, கையிழந்த வீரன் தன் எண்ணத்தாலேயே இயந்திரக் கையை அசைக்க வழி கண்டது. அது போற்றத்தக்க தொண்டு. ஆனால் அதே நிறுவனம், நோயோ ஊனமோ இல்லாத வீரனின் மூளையையும் அறுவைச் சிகிச்சையின்றிக் கருவிகளோடு இணைக்கும் முயற்சிக்கு 2019இல் ஆறு குழுக்களுக்குப் பொருளுதவி செய்தது. இழந்ததை மீட்டுத் தருவது வைத்தியம். குறையற்ற மனத்தைப் போருக்கென்று மாற்றியமைப்பது வைத்தியமன்று.

நோயாளி வைத்தியரிடம் வேண்டாம் என்று சொல்லலாம். தளபதியிடம் அவ்வாறு சொல்லும் சிப்பாய்க்குக் காத்திருப்பது இராணுவ நீதிமன்றம். கட்டளைக்குக் கீழ்ப்பட்டவன் தரும் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று எவ்வாறு கொள்வது? செல்வி என்பாருக்கும் கர்நாடக மாநிலத்துக்கும் இடையிலான வழக்கில், 2010ஆம் ஆண்டு மே 5ஆம் தேதி, ஒருவருடைய சம்மதமின்றி அவர்மீது உண்மை காணும் மருந்துச் சோதனையோ மூளை அலைச் சோதனையோ நடத்துவது அரசியல் சட்டத்திற்கு முரணானது என்று இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கே உரிய அந்தக் காப்பு, நாட்டைக் காக்க முன்வரும் வீரனுக்கும், போரில் சிறைப்பட்ட பகைவனுக்கும் இல்லாது போவது நியாயமாகாது.

ஆகவே, ஆராய்ச்சியாளர்களும் வைத்தியர்களும் சட்ட வல்லுநர்களும் கூடியுள்ள இவ்வவை, எந்தச் சேனையிலும் எந்த மனிதனின் மூளையும் மறுக்கும் உரிமை இல்லாத நிலையில் தொடப்படலாகாது என்ற கோட்பாட்டைத் தெளிவாக வகுத்து, அதைத் தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமென்று உங்களைப் பணிவன்புடன் கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.