பத்திரத்தில் ஒரு பெயர், காணியில் பலரின் பங்கு

எல்லாப் புகழும் அகிலத்தாரைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. சாந்தியும் சமாதானமும் நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அன்பார்ந்த பெற்றோர்களே, அருமை இளைஞர்களே! இன்று உடன்பிறந்தாருக்கிடையே முதுசக் காணி கைமாறும் விடயத்தைப் பற்றிச் சிந்திக்க விரும்புகின்றேன். தொழுகையிலும் நோன்பிலும் பேணுதலாக இருக்கின்ற பல குடும்பங்கள், வாப்பா மௌத்தான பின்னர் காணிப் பங்கீட்டில் தடுமாறி விடுகின்றன. ஒரு தட்டில் உண்டு வளர்ந்த நானாவும் தங்கச்சியும் பெருநாள் அன்றுகூட முகம் பார்ப்பதில்லை. இதற்கு மனிதரின் பேராசை மட்டும் காரணமன்று. நம் நாட்டின் காணிச் சட்டங்கள் பிறந்த கதையை அறியாதிருப்பதும் ஒரு காரணமாகும்.

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திற்குச் சற்றுத் திரும்பிச் செல்வோம். 1806ஆம் ஆண்டில் வடபகுதித் தமிழ் மக்களின் தேசவழமைக்குச் சட்ட வலு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமை, திருமணம் என்பவற்றுக்கென முகம்மதியச் சட்டக்கோவை வெளியிடப்பட்டது. 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், மரண சாசனம் எழுதாது இறந்த முஸ்லிம் ஒருவரின் சொத்து அவர் சார்ந்த மத்ஹபின் சட்டப்படியே பங்கிடப்பட வேண்டும் என்று விதித்தது. அதாவது மனைவிக்கும், மகனுக்கும், மகளுக்கும் அல்லாஹ் நிர்ணயித்த பங்கை நாட்டின் சட்டமும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் நான்கே ஆண்டுகள் கழித்து, 1935இல், அதே ஆட்சி இன்னொரு சட்டத்தைக் கொண்டு வந்தது. அதுவே காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அரச காணியைக் காணியற்ற விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரத்தின் மூலம் வழங்குவது அதன் நோக்கம். ஏழை விவசாயியின் நிலம் வட்டிக்குக் கொடுப்போரின் கைக்குப் போய்விடக் கூடாது, பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துத் துண்டு துண்டாகிப் பயனற்றுப் போகவும் கூடாது என்று அதனை வகுத்தோர் எண்ணினர். ஆகவே விருப்பப்படி விற்கவும் ஈடு வைக்கவும் தடை விதித்தனர். காணிக்கு உரியவர் தமக்குப் பின் யார் என்பதைப் பின்னுரித்தாளராகப் பதிவு செய்ய வேண்டும் என்றனர். அவ்வாறு பதிவு செய்யாது இறந்து, துணைவரும் இல்லாது போனால், அட்டவணையில் உள்ள உறவு வரிசைப்படி ஒருவருக்கே காணி சேரும். அந்த வரிசையில் மகளுக்கு முன் மகன் வைக்கப்பட்டான்; மகன்மாருள் மூத்தவன் முன் வைக்கப்பட்டான். இவ்வகைக் காணிகளில் மத வாரிசுரிமைச் சட்டங்கள் செல்லுபடியாகா என்றும் ஆக்கப்பட்டது.

நேயர்களே! இரணைமடுக் குளத்து நீர் பாயும் வட்டக்கச்சி போன்ற குடியேற்ற ஊர்களின் காணிகளில் பெரும்பகுதி இத்தகைய அனுமதிப்பத்திரக் காணிகளும், அளிப்புப் பத்திரக் காணிகளுமே. ஆகவே வன்னியில் ஒரு குடும்பத்திற்கு இரு வகைக் காணிகள் இருக்கக் கூடும். ஒன்று, உறுதிக் காணி. அதில் எல்லா வாரிசுகளுக்கும் பங்குண்டு. மற்றொன்று, பத்திரக் காணி. அதில் எழுதப்படுவது ஒரே பெயர். நம்முடைய சோதனை இந்த இரண்டாவது காணியில்தான் இருக்கின்றது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வாப்பா காடு வெட்டி, கிணறு தோண்டி, தென்னை நட்டு, நான்கு ஏக்கரை விளைநிலம் ஆக்கினார். வாப்பாவுடன் உம்மாவும் களை பிடுங்கினார். மூத்த மகள் நாற்றுச் சுமந்தாள். வாப்பாவும் பின்னர் உம்மாவும் இறையடி சேர்ந்த பின், பத்திரம் மூத்த மகனின் பெயருக்கு மாறியது. சகோதரிகள் தமக்கென ஏதேனும் கேட்டால், "சட்டம் எனக்குத்தானே தந்தது" என்கிறான். உலகச் சட்டத்தின்படி அவன் சொல்வது பொய்யன்று. எனினும் மஹ்ஷரில் அல்லாஹ்வின் முன் நிற்கும்போது அந்தப் பத்திரம் அவனுக்குப் போதுமான பதிலாகுமா?

அந்நிஸா அத்தியாயத்தின் ஏழாம் வசனம், பெற்றோரும் நெருங்கிய உறவினரும் விட்டுச் சென்றதில் ஆண்களுக்குப் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு என்றும், அது குறைவாயினும் அதிகமாயினும் விதிக்கப்பட்ட பங்கே என்றும் எடுத்துரைக்கின்றது. பதினோராம், பன்னிரண்டாம் வசனங்கள் அப்பங்குகளின் அளவைக் கூறுகின்றன. அடுத்து வரும் இரு வசனங்கள் அவற்றை அல்லாஹ்வின் வரம்புகள் என அறிவித்து, மீறுவோரைக் கடுமையாக எச்சரிக்கின்றன.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் இவ்வாறான ஒரு வழக்கு வந்தது. உஹதுப் போரில் ஸஃத் இப்னு ரபீஃ (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். அவரின் மனைவி தம் இரு பெண் மக்களையும் அழைத்து வந்து, இப்பிள்ளைகளின் வாப்பாவுடைய சொத்து முழுவதையும் அவரின் சகோதரர் எடுத்துக்கொண்டார் என முறையிட்டார். அக்கால அரபு வழக்கத்தின்படி அச்சகோதரரின் செயலை எவரும் குற்றமாகக் கருதவில்லை. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அவரை அழைப்பித்து, இரு மகள்களுக்கும் மூன்றில் இரண்டு பங்கும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கும் கொடுக்குமாறும், எஞ்சியது மட்டுமே அவருக்கு உரியது என்றும் தீர்ப்பளித்தார்கள். ஊர் வழக்கம் ஒருவருக்குத் தந்ததை, இறைவனின் நீதி உரியவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒருவர் மனைவியையும், ஒரு மகனையும், இரு மகள்களையும் விட்டுச் செல்கிறார். அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர். கடனும் வஸிய்யத்தும் நிறைவேற்றப்பட்ட பின் நான்கு ஏக்கர், அதாவது 640 பேர்ச் எஞ்சியிருக்கின்றது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 80 பேர்ச். மகனுக்கு 280 பேர்ச். ஒவ்வொரு மகளுக்கும் 140 பேர்ச். பத்திரக் காணியைச் சட்டம் இவ்வாறு துண்டாட அனுமதிக்காது என்பது உண்மையே. ஆனால் அதன் பெறுமதியைக் கணக்கிட்டுச் சகோதரிகளுக்குப் பணமாகக் கொடுக்க எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஒரே முறையில் கொடுக்க இயலாதவர், போகத்திற்குப் போகம் நெல்லாகக் கொடுக்கலாம். குடும்பத்தில் வேறு உறுதிக் காணியோ வீடோ இருந்தால் அதில் சகோதரிகளுக்குக் கூடுதலாக ஒதுக்கலாம். பத்திரக் காணியின் தன்மையையும் குடும்பத்தின் நிலையையும் எடுத்துக் கூறி, அறிந்த ஓர் ஆலிமின் முன் அமர்ந்து இதனைச் செய்துகொள்ளுங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கலாம்; வாப்பாவின் உழைப்பு உங்களிடம் ஓர் அமானிதம்.

சிலர், "சீதனம் கொடுத்துக் கட்டிக் கொடுத்தாயிற்று, இனி அவளுக்கு என்ன பங்கு?" என்று கேட்பர். சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் முதுசத்தில் மேலும் பங்கில்லை என்பது பழைய தேசவழமையின் கருத்து. நம் அயலவரோடு நூற்றாண்டுகளாக வாழ்ந்ததில் அது நம் பேச்சிலும் கலந்துவிட்டது. ஆனால் முஸ்லிம்களின் வாரிசுரிமையில் அவ்விதி இல்லை. வாப்பா உயிரோடு இருக்கையில் மகளுக்குக் கொடுத்தது அன்பளிப்பு. அவர் மௌத்தான பின் அவளுக்குச் சேர்வது அல்லாஹ் விதித்த உரிமை. ஒன்று மற்றொன்றை அழிப்பதில்லை.

இன்னும் சிலர், "தங்கச்சி வேண்டாம் என்று வாயாலேயே சொல்லிவிட்டாள்" என்பர். அவள் தன் பங்கின் அளவையும் பெறுமதியையும் அறிந்தபின் சொன்னாளா? அல்லது நானாவின் வீட்டுக் கதவு தனக்கு மூடப்பட்டுவிடும் என்று அஞ்சிச் சொன்னாளா? அச்சத்தால் வந்த சம்மதம் சம்மதமன்று. மேலும், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி உரிமையைக் கைமாற்ற நொத்தாரிசு முன்னிலையில் சாட்சிகளோடு எழுதப்பட்ட உறுதி வேண்டும். மனமுவந்து விட்டுக்கொடுக்கும் சகோதரியும் எழுதிக் கொடுப்பதே நலம். இல்லாவிடில் இன்றைய அன்பு நாளை பேரப் பிள்ளைகளின் வழக்காகிவிடும்.

நீண்ட காலம் தனியே ஆண்டுவிட்டால் காணி தமக்கே சொந்தமாகிவிடும் என்று நினைப்போரும் உளர். பத்து வருட ஆட்சி பற்றிய விதி 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தில் உண்டு. ஆயினும் கொரயா எதிர் இசெரிஸ் அப்புஹாமி என்னும் இலங்கை வழக்கில், 1911இல் லண்டன் பிரிவிக் கவுன்சில் தெளிவான தீர்ப்பை வழங்கியது. கூட்டு உரிமையாளருள் ஒருவரின் ஆட்சி மற்றவர்களின் ஆட்சியாகவே கருதப்படும். மனதுக்குள் இரகசியமாக எண்ணுவதால் மட்டும் அவர்களின் உரிமையை முடித்துவிட முடியாது என்பதே அதன் சாரம். உலக நீதிமன்றமே இவ்வாறு கூறும்போது, உள்ளங்களை அறிந்தவனிடம் நாம் எதனை மறைக்கப் போகின்றோம்?

இது நம் மக்களுக்கு மிக நெருக்கமான செய்தி. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். உறுதிகளும் பத்திரங்களும் பலரிடம் தொலைந்து போயின. உடன்பிறந்தார் புத்தளத்திலும் வேறு ஊர்களிலும் சிதறினர். 2009இல் போர் முடிந்த பின் முதலில் திரும்பி வந்தவர் பற்றைக் காட்டை வெட்டினார், வேலி போட்டார். அவருடைய செலவையும் உழைப்பையும் மற்றவர்கள் மறுக்கக் கூடாது. கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் முதலில் வந்தமை முழுக் காணிக்கும் உறுதியாகிவிடாது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை இடம்பெயர்ந்து வழக்கிட இயலாதிருந்தோருக்காக 2016இல் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அதற்குக் கால எல்லையும் விதித்தது. சகோதரியின் உரிமைக்குச் சட்டத்தின் கால எல்லை முடியலாம். மறுமையின் கணக்கு முடிவதில்லை. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவரின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாட்டப்படும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை ஸஹீஹ் புகாரியும் ஸஹீஹ் முஸ்லிமும் பதிவு செய்கின்றன.

மகனை மகளுக்கு முன் வைத்த அந்த 1935ஆம் ஆண்டின் அட்டவணை, 2022இல் திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. நல்ல மாற்றமே. ஆயினும் காணி இன்னும் ஒருவர் பெயருக்கே செல்லும். அது இனி மூத்த மகளின் பெயருக்கு வந்தால், இன்று நானாவுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் நாளை ராத்தாவுக்கும் பொருந்தும்.

ஆகவே பெற்றோர்களே! கைகால் நலமாக இருக்கும்போதே பிள்ளைகள் அனைவரையும், மகள்மாரையும் சேர்த்து, ஒன்றாக அமர்த்துங்கள். எந்தக் காணி உறுதிக் காணி, எது பத்திரக் காணி என்று காட்டுங்கள். பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரைப் பதிவு செய்யும் நாளிலேயே, மற்றப் பிள்ளைகளுக்கு என்ன, எவ்வாறு கொடுக்கப்படும் என்பதையும் எழுதி வையுங்கள்.

இளைஞர்களே! உங்கள் பெயரில் ஒரு பத்திரம் வந்திருந்தால், இன்றிரவு உங்கள் சகோதரியின் முகத்தை நினைத்துப் பாருங்கள். அவள் கேட்கும்வரை காத்திராதீர்கள். கேட்காமலே கொடுக்கும் பங்கில் பரக்கத் இருக்கின்றது. கேட்டு அழுதபின் கொடுக்கும் பங்கில் அந்த இனிமை இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் வயல்களில் விளைவதை ஹலாலாக்குவாயாக. உடன்பிறந்தாரின் உரிமையை உண்ணாத வயிறுகளை எங்களுக்குத் தருவாயாக. பிரிந்த உறவுகளை ஒன்று சேர்ப்பாயாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.