கோழிக்குஞ்சுக்குக் கறையான் பானை
(விவசாயிகளுக்கான வானொலிப் பேச்சு)



வீட்டுக் கோழி அடையிருந்து 10, 12 குஞ்சு பொரித்துவிட்டால் மனசுக்குச் சந்தோஷந்தான். ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தால் பல வீடுகளில் பாதிகூடத் தேறுவதில்லை. பருந்து தூக்கியது, கீரி பிடித்தது, சீக்கில் போனது எல்லாம் போக, மிச்சம் நிற்கிற குஞ்சும் சவலையாக நிற்கிறது. நொய்யும் கம்பும் மட்டும் போட்டால் குஞ்சுக்குச் சதை பிடிக்காது. புரதச் சத்து வேண்டும். கடைத் தீவனமே வாங்கிப் போட்டால், கோழி விற்ற காசு தீவனத்துக்கே சரியாகிவிடும். கருவாட்டுக் கழிவை அள்ளிப் போடலாமே என்பீர்கள். அதில் உப்பு அதிகம், குஞ்சுக்கு ஆகாது.

காசில்லாத புரதம் கறையான். ஈரம் போக எடை பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதந்தான். பானையைக் கவிழ்த்துக் கறையான் பிடிப்பது நம் பெரியவர்கள் செய்த வேலை. மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ, புர்கினா பாசோ நாட்டுக் குடியானவர்களும் இதே மாதிரி பானை கவிழ்த்துத்தான் குஞ்சு வளர்க்கிறார்கள்.

“நாங்களும் வைத்தோம், ஒரு கறையான்கூட ஏறவில்லை” என்கிறவர்கள் உண்டு. பானைக்குள் என்ன வைத்தீர்கள், எப்படி வைத்தீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கறையானும் கரப்பானும் ஒரே வம்சம். 2007-ல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் மரபணுவைப் பார்த்து, கறையானைக் கரப்பான் கூட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். மேல்நாட்டில் கரப்பானைச் செல்லமாக வளர்க்கிறவர்கள், பெட்டிக்குள் முட்டை அட்டையும் மரப்பட்டையும் செருகி வைப்பார்கள். கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால் இரண்டுக்கும் தேவை ஒன்றுதான்: வெளிச்சம் படாத, ஈரம் காயாத, உடம்பை ஒட்டினாற்போல ஒளிந்துகொள்ள இடுக்கு.

அந்த இடுக்குக்கு நம் சீமையில் பஞ்சமா? உடன்குடி, சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டில் பனை கொடுக்காத பொருள் இல்லை. காய்ந்த ஓலையைக் கிழித்துச் சுருட்டி வையுங்கள்; பச்சை ஓலை வேண்டாம். பன்னாடை கிடைத்தால் விடாதீர்கள். வலை போலப் பின்னிக் கிடப்பதால் ஈரம் பிடித்து வைக்கும், ஊர்ந்து ஏறவும் தோது. இற்றுப்போன கடகம், நார்ப்பெட்டி, கிழிந்த சணல் சாக்கு எல்லாம் ஆகும். விளாத்திகுளம் கரிசல் பக்கத்தில் சோளத்தட்டையும் பருத்திமாரும் போதும். இடையிடையே எருவாட்டியை நொறுக்கித் தூவுங்கள். பானையின் அடி வரை எட்டுகிற மாதிரி இரண்டு மட்டைத் துண்டை நட்டமாகச் செருகுங்கள். கறையானுக்கு அதுதான் ஏணி. எதையும் அமுக்கித் திணிக்காதீர்கள். திணித்தால் இடுக்கு ஏது?

வேப்பங்குச்சியும் வேப்பிலையும் சேர்க்க வேண்டாம், கறையான் ஒதுங்கிவிடும். கடலில் கிடந்த கயிறு, உப்பளத்துச் சாக்கு இரண்டும் கூடாது. துறைமுகத்துப் பக்கம் சல்லிசாகக் கிடைக்கிற சரக்குப் பலகையும் வேண்டாம். கப்பலேறும் பலகையைச் சூடேற்றுவார்கள் அல்லது மருந்துப் புகை போடுவார்கள். அது என்ன சரக்கைச் சுமந்ததோ, நமக்கெதற்கு வம்பு?

விளிம்பு உடைந்தாலும் பரவாயில்லை, அகல வாய் மண்பானையாகப் பாருங்கள். பிளாஸ்டிக் வாளி வெயிலில் சுட்டுவிடும். நிரப்பியதை நன்றாக நனைத்து, பொழுது சாய்கிற நேரம், கறையான் மண் தெரிகிற இடத்தில் தரையைக் கொத்திவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். விடிந்து வெயில் ஏறுமுன் எடுக்க வேண்டும். சூடு ஏறினால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். சாக்கை விரித்துத் தட்டினால் பொலபொலவென்று உதிரும். தாய்க்கோழி கூப்பிடும் முன்னே குஞ்சுகள் ஓடி வரும். முதல் நாள் ஏறாவிட்டால் மறுநாள் பத்தடி தள்ளி வையுங்கள். சித்திரை, வைகாசியில் தரையையும் சேர்த்து நனைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்காத மேடாகப் பாருங்கள். உதறிய ஓலையையும் சாக்கையும் மறுபடி போடலாம். எருவாட்டி மட்டும் புதிது. புற்றை இடிக்காதீர்கள், நாளைக்கும் கறையான் வேண்டுமே.

கறையானோடு நொய், கம்பு, கீரையும் கொடுங்கள். கடற்கரையில் கிடக்கிற சிப்பியை நல்ல தண்ணீரில் கழுவி, காயவைத்து, நொறுக்கி முட்டைக் கோழிக்குக் கொடுக்கலாம். சிறு குஞ்சுக்கு வேண்டாம்; சுண்ணாம்புச் சத்து அளவுக்கு மீறினால் சிறுநீரகம் கெடும்.

இன்னும் இரண்டு விஷயம். பானையை வீட்டுச் சுவர், பனங்கை வேய்ந்த கூரை, தென்னங்கன்று பக்கம் வைக்காதீர்கள். கறையானை நாமே வீட்டுக்கு வழிகாட்டி அழைத்து வந்ததாகிவிடும். கறையானுக்கு என்று குளோர்பைரிபாஸ் போன்ற மருந்து ஊற்றிய தோட்டத்தில் பானை வைக்கவே வேண்டாம். மருந்து பட்ட கறையானைத் தின்றால் குஞ்சு பிழைக்காது. பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து ஊற்றினாரா என்று கேட்டுக்கொண்டு, அதற்கப்புறம் பானையைக் கவிழுங்கள்.