'நாங்கள்' போய் 'நாம்' வர வேண்டும்!

   

'பல மொழிக்காரர்களோடு கலந்தால் நம் பண்பாடு கரைந்துவிடும்' என்று எதிரணி அம்மா சொன்னாங்க. கரையுதா இல்லையான்னு எட்ட நின்னு பார்த்தா தெரியாதுங்கம்மா! கிட்டப் போய்ப் பார்க்கணும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால், வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வகுப்பில் நான் சம்பளமில்லாத வாத்தியார்! (சிரிப்பு)

நாம எல்லாரையும் ஒரே வார்த்தையில் 'இந்திக்காரங்க'ன்னு சொல்லிடறோம். என் வகுப்பில் முதல் பெஞ்சுக்காரர் வீட்டில் பேசுவது மைதிலி. பக்கத்தில் போஜ்புரி. அடுத்து ஒடியா, வங்காளம். கடைசி பெஞ்சில் ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலி தம்பி. சந்தாலிக்குத் தனி எழுத்தே இருக்குங்க. 1925-ல் ரகுநாத் முர்மு உருவாக்கிய 'ஒல் சிக்கி'. மைதிலியும் சந்தாலியும் 2003-ல் வந்த சட்டத் திருத்தத்தால் அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் ஏறிய மொழிகள். நம்ம தமிழ் இருக்கிற அதே அட்டவணை!

ஒருநாள் பாடம், 'தண்ணீர் குடிக்கிறேன்'. வங்காளத் தம்பி எழுந்து 'தண்ணி சாப்பிடறேன்' என்றார். வகுப்பே சிரித்தது. அவர் மொழியில் தண்ணீரையும் சாப்பிடத்தான் செய்வார்கள், சிகரெட்டையும் சாப்பிடத்தான் செய்வார்கள். அவர் விடவில்லை. 'அண்ணா, உங்க ஊர்ல பீடியைக் குடிக்கிறீங்களே, அது மட்டும் எப்படி?' என்று கேட்டார். (பலத்த சிரிப்பு) பதில் சொல்ல முடியுமா நம்மால்? அடுத்தவன் மொழியைப் பார்க்கும்போதுதானய்யா நம்ம மொழியே நமக்குத் தெரியுது!

இன்னொரு நாள் 'நாம்', 'நாங்கள்'. கேட்பவரையும் சேர்த்தால் நாம். அவரை விட்டுவிட்டால் நாங்கள். இந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். எல்லாரும் திணறினார்கள். கடைசி பெஞ்சு மட்டும் எழுந்தது. 'எங்க மொழியிலயும் ரெண்டு இருக்கு அண்ணா. நாம்னா அபோ, நாங்கள்னா அலே!' நம்ம மொழிக் குடும்பம் திராவிடம். சந்தாலியோ கம்போடியாவின் கெமர் மொழிக்குச் சொந்தம். ஆனா, எதிரில் இருப்பவனைச் சேர்த்துக்கொள்ள ரெண்டு பேருக்குமே தனிச் சொல் இருக்கு! (கைதட்டல்)

ஒடிசாக்காரர்களுக்குப் பழைய சோறு உயிர். 'பகாளா' என்று பெயர் வைத்து, மார்ச் 20-ஆம் தேதியை அதற்கொரு நாளாகவே கொண்டாடுகிறார்கள். நம்ம வீட்டில் பழைய சோற்றை விட்டுட்டுப் பாக்கெட் நூடுல்ஸுக்குப் போனது யாருங்க? பண்பாட்டைக் கரைச்சது ஒடிசாக்காரரா?

நடுவர் அவர்களே, இது வெறும் வேடிக்கைக் கதை இல்லை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. நம் காவல்துறை மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து பார்த்தது. அந்த வாரம் எங்கள் வகுப்பு மைதிலித் தம்பிக்கு ஊரிலிருந்து அம்மா போனில் ஒரே அழுகை. அவர் போனைப் பக்கத்து வீட்டு ஆயாவிடம் கொடுத்தார். 'அழுவாத கண்ணு, உம்பட பையன் எங்க பேரனாட்டம்' என்றார் ஆயா. அதை மைதிலியில் மாற்றிச் சொன்னார் மகன். அழுகை நின்றது. அதே காம்பவுண்டில், அடுத்த அறையில் தமிழ் தெரியாத இரண்டு பேர். யாரிடம் கேட்பது என்று தெரியாமல், மூட்டை கட்டி ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறிவிட்டார்கள். வதந்தி வந்து குடியேறுவது பேச்சு இல்லாத வீட்டில்தானய்யா! (கைதட்டல்)

'அவங்க குறைஞ்ச கூலிக்கு வர்றதால நம்ம ஆள் வேலை போகுது' என்றார் எதிரணித் தம்பி. நியாயமான கவலை. ஆனா, குறைஞ்ச கூலிக்கு ஆளைப் பிடிக்க முடியுறது ஏன்? அவனுக்குச் சீட்டு படிக்கத் தெரியாது, கணக்குக் கேட்க வாய் வராது. தமிழ் தெரிஞ்சுட்டா அவனும் நம்மோடு நின்று ஒரே கூலி கேட்பான்!

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தமிழ் பேசும் வாய்கள் கூடிக்கொண்டே போகின்றன. இதைக் கரைவது என்று எப்படிச் சொல்வது? 'நாங்கள்' என்று ஒதுங்காமல் 'நாம்' என்று சேர்த்துக்கொள்வதே தமிழ்ப் பண்பாடு என நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். 

(பலத்த கைதட்டல்)