புதிய ஆசிரியருக்கு ஒரு சொல்

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கல்வி அரங்கில், புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)

 

நம் பிள்ளைகளுக்குப் புத்தகமும் தேர்வுக் கட்டணமும் அளித்து வந்த இச்சங்கம், 25 ஆண்டுகளுக்குப் பின் அப்பிள்ளைகளுள் சிலரை ஆசிரியர்களாக இந்த முன்வரிசையில் அமர்த்தியிருக்கிறது. இதனினும் சிறந்த விழா மலர் வேறில்லை. எனினும் நான் இன்று வாழ்த்துக் கூற மட்டும் வரவில்லை. எனக்கு வந்த ஒரு கடிதத்திற்கு உங்கள் முன்னிலையில் விடையளிக்க வந்துள்ளேன்.

எழுதியவர் நம் சங்கத்தின் உதவியால் படித்த ஒரு தங்கை. பெயர் வேண்டாம். பணியேற்று மூன்று மாதம் ஆகிறது. அவர் எழுதுகிறார்: "ஐயா, எட்டாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்வரிசையில் பூனை கத்துகிறது. நேற்று ஒருவன் எழுந்து, 'டீச்சர், உங்களுக்கு ஊர்ல வீடா, காலனில வீடா?' என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. தினமும் ஜெபம் செய்கிறேன். ஆயினும் காலையில் பள்ளி வாசலைக் கண்டால் கால் பின்வாங்குகிறது. என் விசுவாசம் குறைவானதோ? வேலையை விட்டுவிடட்டுமா?"

தங்கையே, முதலில் ஒன்று சொல்கிறேன். கால் பின்வாங்குவது விசுவாசக் குறைவு அன்று. கர்மேல் மலையில் வெற்றி கண்ட எலியா தீர்க்கதரிசியே, மறுபடி அச்சுறுத்தல் வந்தவுடன் வனாந்தரத்திற்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும் என்றார். அவரைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை. தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் சொன்னார். அதன் பிறகே அவரோடு பேசினார். ஆகவே, இரவு பதினொரு மணி வரை நோட்டுத் திருத்தி, காலை உணவையும் விட்டுவிட்டு ஓடும் ஆசிரியர்களுக்கு வேதம் கூறும் முதல் அறிவுரை எளியது: உண்ணுங்கள், உறங்குங்கள். பசித்த ஆசிரியருக்குச் சினம் விரைவில் வரும்.

அச்சினத்தைப் பற்றி நான் அறிவேன். அதனை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 1996-ஆம் ஆண்டு, நான் பணியேற்ற முதல் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் வரலாறு நடத்திக்கொண்டிருந்தபோது என் முதுகில் ஒரு சிறு கல் வந்து விழுந்தது. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பது எனக்கு ஓரளவு தெரியும். அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெரியவர் ஒருவரின் மகன் அமர்ந்திருந்தான். என் பிரம்பு அங்கே போகவில்லை. மறுபக்கத்தில் இருந்த நம் காலனிச் சிறுவனிடம் போயிற்று. இவனை அடித்தால் கேட்பதற்கு எவரும் வரமாட்டார் என்பது என் கைக்குத் தெரிந்திருந்தது.

அன்று மாலை அச்சிறுவனின் தந்தை என் வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருப்பார் என்று அஞ்சினேன். அவரோ துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "நீங்க நம்ம ஆளு சார், நல்லா அடிங்க. அப்பத்தான் படிப்பான்" என்றார். அந்த இரவு நான் உறங்கவில்லை. நம் மக்களை அடித்துப் பழகிய நாட்டில், நானும் ஒரு கை கொடுத்துவிட்டேன் என்பதை உணர்ந்தேன். மறுநாள் வகுப்பின் முன்னிலையில் அச்சிறுவனின் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று. கல் எறிந்தவன் தலை குனிந்தான். அதன் பிறகு அந்த வகுப்பு பொன்னுலகமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று கீழே வைத்த பிரம்பை நான் மீண்டும் எடுக்கவில்லை.

இன்றோ சட்டமும் அதையே கட்டளையிடுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன வேதனை தருவதையும் தடை செய்கிறது. ஆகவே, பிரம்பில்லாமல் வகுப்பை நடத்தும் வழியை நாம் கற்றேயாக வேண்டும்.

அவ்வழி யாது? முதலாவது, பெயர்கள். நல்ல மேய்ப்பன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான் என்று யோவான் சுவிசேஷம் காட்டுகிறது. முதல் வாரத்திலேயே நாற்பத்திரண்டு பெயர்களையும் மனப்பாடம் செய்யுங்கள். "ஏய், பின்னால் இருப்பவனே" என்பதற்கும் பெயர் சொல்லி அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் குறும்புக்காரனும் அறிவான். இரண்டாவது, நீங்கள் வகுப்பில் நுழையும்போதே பிள்ளைகளின் கைக்கு வேலை இருக்க வேண்டும். கரும்பலகையில் இரண்டு கணக்கோ ஐந்து சொற்களோ எழுதிவிட்டு வருகைப் பதிவை எடுங்கள். பூனை பெரும்பாலும் வேலையற்ற ஐந்து நிமிடங்களில்தான் கத்தும். மூன்றாவது, விதிகள் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். ஆனால் அவை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். நான்காவது, தவறு செய்தவனை நாற்பது பேர் முன்னிலையில் வெல்ல முயலாதீர்கள். வகுப்பு முடிந்தபின் தனியே அழையுங்கள். சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனித்திருக்கும்போது அவனிடம் பேச வேண்டும் என்றே இயேசுநாதரும் கற்பித்தார்.

ஐந்தாவது, தனியே சுமக்காதீர்கள். மோசே காலை முதல் மாலை வரை தனியே அமர்ந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துத் தளர்ந்தார். அவருடைய மாமனார் எத்திரோ அதைக் கண்டு, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை ஏற்படுத்தச் சொன்னார். வகுப்பையும் சிறு குழுக்களாகப் பிரித்துப் பொறுப்புக் கொடுங்கள். பூனைபோல் கத்துபவனிடமே வருகைப் பலகையை ஒப்படைத்துப் பாருங்கள். மூத்த ஆசிரியர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவினரிடமும் உதவி கேட்பதில் இழிவு இல்லை.

இனி, "ஊரா, காலனியா?" என்ற கேள்விக்கு வருகிறேன். இது வெறும் குறும்பு அன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் மாணவன் ஒருவன் தன் பள்ளி மாணவர்களாலேயே வீட்டில் வெட்டப்பட்டதையும், அவனைக் காக்க வந்த தங்கை காயமுற்றதையும் நாடறியும். அதனையொட்டி அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு அவர்களின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் கைக்கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. அக்கேள்வியைக் கேட்ட சிறுவன் அதைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டிலோ தெருவிலோ கற்றிருக்கிறான். ஆகவே அவனை வெறுக்காதீர்கள். ஆனால் விடாமலும் இருங்கள்.

கிறிஸ்தவப் பொறுமை என்பது வாய்மூடிக் கிடப்பது என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். பிரதான ஆசாரியன் முன்னிலையில் ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தபோது, அவர் திருப்பி அடிக்கவில்லை, மௌனமாகவும் இருக்கவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் எடுத்துக்காட்டு, இல்லையேல் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். அதுவே நமக்கு வழி. "ஆம், காலனியில்தான் என் வீடு. இப்போது பாடத்தைப் பார்ப்போம்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். இழிவு தொடர்ந்தால், அது மாணவரிடமிருந்து வந்தாலும் உடன் பணியாற்றுவோரிடமிருந்து வந்தாலும், தேதியிட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அப்படித் தெரிவிப்பது அன்புக்கு விரோதம் அன்று.

அண்ணல் அம்பேத்கர் 1918-இல் பம்பாய் சிடனாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்தபோது, ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று உடன் பணியாற்றிய சிலரே மறுப்புத் தெரிவித்தனர். மாணவரும் தொடக்கத்தில் அவரைப் பொருட்படுத்தவில்லை. அவரோ ஆழ்ந்து தயாரித்துப் பாடம் நடத்தினார். பின்னர்ப் பிற கல்லூரி மாணவரும் வந்து கேட்டனர். அவர் கையில் இருந்தது பிரம்பு அன்று. தயாரித்து வந்த பாடம்.

கடைசியாக, கிறிஸ்தவ ஆசிரியருக்கு ஓர் எச்சரிக்கை. அரசுப் பள்ளியில் சமயபோதனைக்கு இடமில்லை; அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அவ்வாறு கூறுகிறது. ஜெபத்தை வீட்டில் முழங்காலில் முடித்துவிட்டு, அதன் கனியாகிய பொறுமையையும் நீதியையும் மட்டும் வகுப்பிற்குக் கொண்டு செல்லுங்கள். உங்களை மிகவும் துன்புறுத்தும் மாணவனின் பெயரை அந்த ஜெபத்தில் முதலில் வையுங்கள். காலையில் யாருக்காக வேண்டினோமோ அவனை மாலையில் பகைப்பது கடினம்.

இவற்றையே அத்தங்கைக்குச் சுருக்கமாக எழுதியிருந்தேன். சென்ற வாரம் மறுகடிதம் வந்தது. பூனை இன்னும் வாரத்திற்கு ஒருமுறை கத்துகிறதாம். கேள்வி கேட்ட சிறுவன் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். ஆனால் நாற்பத்திரண்டு பெயர்களும் தெரிந்துவிட்டன, ஐயா, வேலையை விடவில்லை என்று எழுதியிருக்கிறார்.

அது போதும். மற்றவை காலத்தில் விளையும். அவரைப்போல் நீங்களும் நிலைத்து நிற்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.