காலத்துக்கு முந்திய பூப்பு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பெண் பூப்பெய்தினால் சுற்றத்தாரை அழைத்து, மாமன் சீரோடு நீராட்டு விழா எடுப்பது நம் வழக்கம். ஊரைப் பிரிந்து வாழும் நாமும் அதனைக் கைவிட்டோம் அல்லோம். ஆனால், அம்மங்கலம் ஆறு ஏழு வயதிலேயே வந்துவிட்டால் என் செய்வது? நாணத்தால் அதனை மறைக்கும் வீடுகள் உண்டு. அம்மறைவால் விளையும் கேட்டினைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன்னும், ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன்னும் பருவ மாற்றங்கள் தோன்றுவதையே மருத்துவர் காலத்துக்கு முந்திய பூப்பு என்பர். சிறுமியர்க்குப் பெரும்பாலும் மார்பு வளர்ச்சியே முதல் அறிகுறி. அவர்களுள் பலர்க்குக் காரணம் ஏதும் புலப்படுவதில்லை. சிறுவர்க்கோ மூளையில் கட்டி முதலிய காரணம் இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே ஆராயாது விடலாகாது.

இதனால் வரும் இழப்பு யாது? முதலில் குழந்தை விரைந்து உயரும், பெற்றோரும் மகிழ்வர். ஆனால் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகள் முன்னதாகவே மூடிக்கொள்ளும். அன்று வகுப்பில் நெடியவளாய் நின்றவள், பின்னர்த் தோழியரினும் குறுகி நிற்பாள். இடக்கையின் எக்ஸ்ரே படம் எலும்பின் வயதைக் காட்டிவிடும்.

இதற்கு மருந்து உண்டு. மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி விட்டுவிட்டு அனுப்பும் ஒரு ஹார்மோனே பிட்யூட்டரிச் சுரப்பியை எழுப்பிப் பருவத்தைத் தொடங்கி வைக்கிறது. இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளின் மூளைப் பகுதிகளைத் திரட்டி ஆராய்ந்த ஆண்ட்ரூ ஷாலியின் குழுவினர், 1971-இல் அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். அவரும் ரோஜர் கியெமினும் 1977-இல் நோபெல் பரிசு பெற்றோருள் இருவர்.

அந்த ஹார்மோனைப் போலவே செய்யப்பட்டது லியூப்ரோலைடு என்னும் மருந்து. விட்டுவிட்டுத் தட்டினால் எழுந்து கதவைத் திறப்போம். ஓயாது தட்டொலி கேட்டுக்கொண்டிருந்தால் நம் செவி அதனைப் பொருட்படுத்தாது. அவ்வாறே இம்மருந்து இடையறாது உடலில் இருப்பதால் பிட்யூட்டரி அடங்குகிறது, பருவமும் நிற்கிறது. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஊசி போடுவர்.

இதனால் பெண் மலடாவாளோ என்று தாய்மார் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டா. ஏறத்தாழ 11 வயதில் ஊசியை நிறுத்தியபின் பருவம் தானே தொடரும். பெரும்பாலோர்க்கு ஓரிரு ஆண்டுகளில் மாதவிலக்கும் வரும். எல்லார்க்கும் ஊசி தேவை என்பதன்று. எட்டு வயதை ஒட்டித் தொடங்கி மெல்ல நடக்கும் மாற்றமாயின், மருத்துவர் சில திங்கள் பார்த்திருந்து முடிவு செய்வர். அம்முடிவு அவர்க்கு உரியது. காலந்தாழ்த்தாது அவரிடம் செல்வது நம் கடமை.

ஏழு வயதுச் சிறுமி உருவத்தால் வளர்ந்திருப்பினும் உள்ளத்தால் ஏழு வயதினளே. அவளை மூலையில் அமர்த்தாதீர்கள், விளையாட விடுங்கள். மஞ்சள் நீர் காத்திருக்கும், எலும்பு காத்திராது.