கொடுத்தலும் விடுதலும்

ஆங்கிலத்தில் ‘கிவ்’ என்றால் கொடு என்றும் ‘அப்’ என்றால் மேலே என்றும் முதல் வருஷத்திலேயே பாடம் செய்துவிட்ட மாணவன், இரண்டும் சேர்ந்து ‘கிவ் அப்’ என்று வருமிடத்தில் எதை எடுத்து யாருக்கு மேலே கொடுப்பது என்று திகைத்து நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தத் திகைப்பில் குற்றமே இல்லை. வினையோடு ஒரு சிறு பதம் ஒட்டிக்கொண்டு அதன் அர்த்தத்தையே வேறாக்கிவிடும் இப்பிரயோகங்கள் அந்நியருக்கு மிகுந்த சிரமம் தருபவை என்று, 1755இல் வெளிவந்த தம் ஆங்கில அகராதியின் முன்னுரையில் டாக்டர் ஜான்சனே எழுதியிருக்கிறார்.

இங்கே ‘அப்’ என்பது திசையைக் குறிப்பதன்று. செயல் மிச்சமின்றி முடிந்ததைக் குறிப்பது. ‘ஈட் அப்’ என்றால் தின்றுவிடு, ‘டிரிங்க் அப்’ என்றால் குடித்துவிடு. நம் பாஷையில் ‘விடு’ என்ற துணைவினை செய்யும் தொண்டை அங்கே அந்தச் சிறு சொல் செய்கிறது. மிச்சமில்லாமல் கொடுக்கப்பட்ட பொருள் பிறகு நம்முடையதன்று ஆகையால், கொடுத்தல் விடுதலாக மாறியதில் ஆச்சரியமில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1936 டிசம்பரில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு, தாம் விரும்பிய மாதை மணக்கும்பொருட்டுச் சிம்மாசனத்தை விட்டு விலகுவதாகச் சாசனத்தில் கையெழுத்திட்டு, மறுநாள் இரவு, வானொலியின் மூலமாகவே பிரஜைகளிடம் விடைபெற்றார். அந்தச் செயலைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘கிவ் அப்’ போதும். பஸ்ஸில் ஒரு கிழவிக்காக வாலிபன் ஆசனத்தை விட்டு எழுந்தாலும் அதே சொல்தான். ஒருவன் புகைபிடிப்பதை நிறுத்தினாலும், தலைமறைவாயிருந்த குற்றவாளி போலீஸாரிடம் தானே வந்து நின்றாலும், நோயாளி பிழைக்கமாட்டார் என்று வைத்தியர் முடிவுகட்டினாலும் அதே சொல்தான். தமிழிலோ மன்னர் முடிதுறந்தார், வாலிபன் இடத்தை விட்டுக்கொடுத்தான், புகைத்தவன் பழக்கத்தை விட்டொழித்தான், குற்றவாளி சரணடைந்தான், வைத்தியர் கையை விரித்துவிட்டார். செயலின் பெருமையையும் சிறுமையையும் நாம் வினையிலேயே ஏற்றிச் சொல்லுகிறோம். ஆங்கிலேயர் அதை வாக்கியத்தின் மற்றச் சொற்களுக்கு விட்டுவிடுகிறார்கள்.

இதை மறந்து, எங்கே ‘கிவ் அப்’ கண்டாலும் ‘கைவிட்டார்’ என்று மொழிபெயர்ப்போரைக் காணும்போது என் மனம் வருந்துகிறது. கைவிடுதல் என்றால், நம்பி வந்தவரை நட்டாற்றில் விட்ட பழியும் அதில் சேர்ந்தே நம் காதில் விழுகிறதல்லவா?

பிரயோகத்தில் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்தால் போதும். ‘கிவ் அப் ஸ்மோக்கிங்’ என்பதே வழக்கு. ‘டு ஸ்மோக்’ என்று தொடர்வது பிழை. ‘இட்’ போன்ற பிரதிப்பெயர் வந்தால் அது நடுவில்தான் அமரும். ‘கிவ் இட் அப்’ என்பார்களேயன்றி ‘கிவ் அப் இட்’ என்னமாட்டார்கள்.

இச்சொல் மிகவும் இனிமையாக ஒலிக்கும் இடம் குழந்தைகளின் விளையாட்டு. விடுகதைக்கு விடை தெரியாத ஆங்கிலக் குழந்தை ‘ஐ கிவ் அப்’ என்று சொல்லிவிட்டு, விடையைக் கேட்கும் ஆவலோடு அருகில் நெருங்கி உட்காருகிறது. நம் வீட்டுத் திண்ணையில் அதே குழந்தை, ‘எனக்குத் தெரியவில்லை பாட்டி, நீயே சொல்லிவிடு’ என்கிறது.