படத்துக்குக் கீழே யார் பெயர்?

(முன்னாள் மாணவர் சங்கம் இறுதியாண்டு மாணவர்களுக்காக நடத்திய வேலைவழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பயோடேட்டா எழுதுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். வங்கி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் எப்படி எழுதுவது என்று சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையிலேயே இருக்கிறார்கள். நான் விழாக்களில் படம் எடுத்துப் பிழைக்கிறவன். ஆகவே, எந்த ஸ்டுடியோவிலும் மாதச் சம்பளத்துக்குச் சேராமல், கல்யாணம், மாநாடு, ஆண்டுவிழா என்று சுயமாகப் படம் எடுக்கப் போகிறவர் தன் பயோடேட்டாவை எப்படி எழுதணும் என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

"போட்டோகிராபருக்கு எதுக்கு சார் பயோடேட்டா? படத்தைக் காட்டினா போதாதா?" என்று ஒரு தம்பி வாசலிலேயே என்னை மடக்கினார். கல்யாண வீட்டுக்குப் போதும். ஆல்பத்தைப் புரட்டுவார்கள், தெரிந்தவர் ஒருத்தர் நல்ல வார்த்தை சொல்வார், அட்வான்ஸ் கைக்கு வந்துவிடும். ஆனால் நட்சத்திர ஓட்டல், டாக்டர்கள் மாநாடு, கம்பெனி விழா, வெளிநாட்டு விசா, கேமரா வாங்க வங்கிக் கடன் — இங்கெல்லாம் முதலில் தாளைத்தான் கேட்பார்கள்.

பத்து, பதினைந்து வருஷம் பிறருடைய ஸ்டுடியோக்களுக்காக ஓடியாடிப் படம் எடுத்தவர்கள் நம் ஊரில் நிறையப் பேர் உண்டு. முகூர்த்தத்துக்கு விடியற்காலை மூணு மணிக்கே போய் லைட் கட்டுவார்கள். பந்தி முடிகிற நேரத்தில் சாப்பிடுவார்கள். ஆல்பத்தின் அட்டையில் ஸ்டுடியோ பெயர் பொன் எழுத்தில் இருக்கும். எடுத்தவர் பெயர் எங்கேயும் இருக்காது. அவர் ஒருநாள் தனியாக வேலை தேடிக் கிளம்பினால், "இதுவரைக்கும் என்ன செஞ்சிருக்கீங்க?" என்ற கேள்விக்கு நீட்ட ஒரு தாள் கிடையாது. நீங்கள் அந்த நிலைக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எப்படி எழுதுவது? ஒரே பக்கம். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, சாதி, மதம், "மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்" — இதெல்லாம் இந்தத் தாளுக்கு வேண்டாம். மேலே பெயர், ஊர், தொலைபேசி, மின்னஞ்சல், படங்களைப் பார்க்கிற இணைய முகவரி. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: என்ன மாதிரி நிகழ்ச்சிகள் எடுப்பீர்கள், எந்த வட்டாரத்துக்கு வருவீர்கள். "எல்லாவிதமான போட்டோக்களும் எடுத்துத் தரப்படும்" என்பது கடைப் பலகைக்குச் சரி. மாநாடு நடத்துகிறவருக்கு மாநாடு எடுக்கத் தெரிந்த ஆள்தான் வேணும்.

அடுத்தது அனுபவம். இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். கம்பெனிப் பெயர் இல்லை, பதவி இல்லை, என்ன எழுதுவது? நிகழ்ச்சிகளை வகை பிரித்து எழுதுங்கள். "200 திருமணங்கள் எடுத்துள்ளேன்" என்றால் படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டு நாள் கருத்தரங்கு, 600 பேர், தனி ஆளாக. அன்று மாலையே 30 படங்கள் பத்திரிகைக்கு. முழுத் தொகுப்பு மூன்றாம் நாள்." எவ்வளவு கூட்டம், எத்தனை நாள், உங்கள் பங்கு என்ன, எப்போது ஒப்படைத்தீர்கள் — இந்த நாலும் இருந்தால் அது அனுபவம். கடைசியாகச் சொன்ன ஒப்படைப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நல்ல படம் எடுத்துவிட்டு மூணு மாசம் இழுக்கிற ஆளை யாரும் மறுபடி கூப்பிடுவதில்லை.

உங்கள் பங்கை எழுதும்போது நேர்மை வேணும். பிரதானமாக எடுத்தீர்களா, இன்னொருவருக்குத் துணையாக எடுத்தீர்களா, லைட் மட்டும் பிடித்தீர்களா? உள்ளதை எழுதுங்கள். "துணைப் புகைப்படக்காரர், மணமகள் வீட்டுப் பகுதி" என்று எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. இந்தத் தொழில் சின்ன ஊர் மாதிரி. அடுத்தவர் எடுத்த படத்தைத் தன் படம் என்று காட்டினால், ஒரே போன் காலில் விஷயம் வெளியே வந்துவிடும்.

கேமரா, லென்ஸ் பட்டியலை அரைப் பக்கத்துக்கு நீட்டாதீர்கள். படிக்கிறவர் ஓட்டல் மேனேஜர். அவருக்கு மாடல் நம்பர் எதற்கு? அவருக்கு இருக்கிற பயம் வேறே. தாலி கட்டுகிற நேரத்தில் கேமரா நின்றுபோனால்? அமைச்சர் விளக்கேற்றும்போது கார்டு கெட்டுப்போனால்? அதற்குப் பதில் எழுதுங்கள்: "இரண்டு கேமரா. ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் பதிவாகும். அன்றிரவே வேறு வேறு இடங்களில் இரண்டு பிரதிகள்." திறமையையும் இப்படியே சொல்லலாம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல மண்டப விளக்குகள் வினாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டரை வேகமாக வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இது தெரிந்தவர் "மேடை விளக்கிலும் எல்.இ.டி. திரை முன்னாலும் எடுத்த அனுபவம்" என்று எழுதலாம். "போட்டோகிராபியில் மிகுந்த ஆர்வம்" என்பதைவிட அது நூறு மடங்கு மேல். டிரோன் உண்டு என்று எழுதினால் சான்றிதழையும் சேர்த்து எழுதுங்கள். 2021-இல் வந்த விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேணும்.

இனி, சட்டம். பயப்படாதீர்கள், சுருக்கமாகவே சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஆனால் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். "நான் எடுத்த படம்தானே" என்று நினைத்த இடத்தில் போட்டுக்கொள்ள முடியாது. அதனால் கொட்டேஷனிலேயே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்: "தேர்ந்தெடுத்த சில படங்களைத் தொழில் மாதிரியாகக் காட்ட அனுமதி உண்டு." குழந்தைகள் படமென்றால் பெற்றோரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வது நல்லது. அதே சட்டத்தின் 57-ஆவது பிரிவு நமக்கு ஆறுதல். பதிப்புரிமை வேறொருவரிடம் இருந்தாலும், "இதை எடுத்தது நான்" என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியருக்கு உண்டு.

இந்த உரிமையின் அருமை தெரியணும் என்றால் ஹோமாய் வியாரவல்லா அம்மையாரை நினைத்துப் பாருங்கள். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் அவர். 1947 ஆகஸ்ட் 16-ஆம் தேதி செங்கோட்டையில் கொடி ஏறியதைப் படம் பிடித்தவர். அவருடைய ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் பத்திரிகையில் வெளிவந்தன. நாடு அவருக்குப் பத்ம விபூஷண் கொடுத்தது 2011-இல். அப்போது அவருக்கு வயது 97. அவ்வளவு பெரியவருக்கே ஆரம்பத்தில் படத்துக்குக் கீழே பெயர் இல்லை. நமக்குத் தானாக வந்துவிடுமா?

ஆகவே இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதி, இடம், என்ன நிகழ்ச்சி, உங்கள் பங்கு, ஒப்படைத்த நாள், யாரிடம் விசாரிக்கலாம் — இந்த ஆறையும் எழுதுங்கள். கேமராவின் மெனுவிலேயே உங்கள் பெயரைப் பதிந்துவைக்கலாம். எடுக்கிற ஒவ்வொரு கோப்பின் உள்ளேயும் அது போய் உட்கார்ந்துகொள்ளும். சின்ன வேலையானாலும் பில் கொடுங்கள். மத்திய அரசின் உத்யம் பதிவை 2020 ஜூலை முதல் ஆதாரை வைத்து இணையத்தில் இலவசமாகவே செய்துகொள்ளலாம். பில்லும், பதிவும், வருமான வரிக் கணக்கும் இருந்தால் வங்கி மேனேஜர் முன்னால் தைரியமாக உட்காரலாம். அந்த நோட்டிலிருந்து எடுத்து எழுதினால் பயோடேட்டா அரை மணி வேலை.

படத் தொகுப்பு பற்றி ஒரே வார்த்தை. இருபது கல்யாணத்திலிருந்து இருபது படம் வைப்பதோடு, ஒரே நிகழ்ச்சியை ஆரம்பம் முதல் முடிவு வரை காட்டும் ஒரு தொகுப்பும் வையுங்கள். இருபது நாளில் இருபது நல்ல படம் யாருக்கும் அமையலாம். ஒரு நாள் முழுக்கக் கைவிடாத ஆளா என்பதைத்தான் பணம் கொடுக்கிறவர் பார்க்கிறார்.

கடைசியாக, தொழிலில் நிலைத்துவிட்ட என் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் துணைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு ஒரு கடிதமும் கொடுங்கள். "இன்ன தேதி, இன்ன நிகழ்ச்சி, இவர் எடுத்தார்" என்று மூன்று வரி போதும். உங்களுக்கு ஐந்து நிமிஷம். அவருக்கு அது முதல் சாட்சி. சங்கத்தாருக்கும் ஒன்று. நம் சந்திப்பு விழாவைப் படம் எடுக்க வெளி ஆளைத் தேடவேண்டாம், நம் மாணவர்களையே போடுங்கள். மலரில் அந்தப் படங்களை வெளியிடும்போது, ஒவ்வொன்றுக்கும் கீழே எடுத்தவர் பெயரை அச்சிடுங்கள். அந்தப் பிள்ளைகளின் பயோடேட்டாவில் முதல் வரியை நம் கல்லூரியே எழுதிக் கொடுத்ததாக இருக்கட்டும்.